ஏடு தொடங்கிய பிள்ளைக்கு ஓலையைக் காட்டுவோம்

"இலையுதிர் காலம்" என்னுந் தொடரை இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். ஆண்டின் பருவங்களை ஒப்பிக்கும்போது அதனைத் தவறாமற் சொல்வர். சொல்லிவிட்டுச் சாளரத்தின் வழியே நோக்கினால், மாத்தளை மலைச்சாரலிலே ஐப்பசித் திங்களில் மொட்டையாய் நிற்கும் மரத்தைக் காண்டல் அரிது. நம் பக்கத்து றப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் தை மாதத்தை ஒட்டியேயாம். புத்தகத்தில் உள்ள பருவம் ஒன்று. வாயிலில் நிற்கும் பருவம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நம் குழந்தைகள் எதனையும் காணாது வளர்கின்றனர் என்பதே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட கவலை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியர் வகுத்தார். மலைநாட்டில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான பருவம் வேறு யாது? மலைக்கு உரிய காலமென்று இலக்கணமே எழுதிக் கொடுத்திருக்க, நாமோ "மழை வருகிறது, வெளியே போகாதே" என்று பிள்ளையை அறைக்குள் இருத்திக் கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

பிறநாட்டார் இப்பருவத்தில் என் செய்கின்றனர்? சப்பானியர் குடும்பத்தோடு மலைக்குச் சென்று சிவந்த மேப்பிள் இலைகளைக் காண்பதை ஒரு விழாவாகவே கொள்வர். ஆங்கிலச் சிறுவர் குதிரைக் கஷ்கொட்டை விதையை நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுவர். செருமானிய நாட்டில் நவம்பர் 11ஆம் நாள், புனித மார்ட்டின் திருநாளில், சின்னஞ்சிறார் காகித விளக்கேந்தி வீதியிற் பாடிச் செல்வர். நம்மினும் கடுங்குளிரில் உறைவோர் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல, இளஞ்சாரலுக்கு அஞ்சி நாம் கதவடைத்தல் முறையாகுமா? பெரும்பொருட் செலவும் இதற்கு வேண்டியதில்லை. மாத்தளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைக் கட்டுச்சோறும் போதும். செல்லவேண்டிய இடம் அலுவிகாரை.

சாம்பலோ ஒளியோ

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், பிளவுண்ட பெரும்பாறைகளின் நடுவே அமைந்த குகைக்கோயில் அலுவிகாரை. புத்தர் பெருமானின் அறவுரைகளாகிய திரிபிடகம் வாய்மொழியாகவே பல தலைமுறை ஓதப்பட்டு வந்து, வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது. எழுதிய செய்தியைக் கூறும் மகாவம்சம் இடத்தின் பெயரைக் கூறவில்லை. அவ்விடம் இதுவே என்பது பிற்கால நூல்களும் மரபும் தரும் செய்தி.

ஏன் எழுதினர்? தமிழர் ஐவர் அநுராதபுரத்தை ஒருவர்பின் ஒருவராய்க் கைப்பற்றி ஆண்ட காலமும், அதனோடு வந்த கொடும்பஞ்சமும் அப்போதுதான் கழிந்திருந்தன. மனப்பாடமாய் வைத்திருந்தோர் மாண்டால் நூலும் அவரோடு மாளும் என்னும் அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது என்பர். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வரலாறு முழுதும் வேண்டியதில்லை. "மறந்துபோய்விடும் என்று பயந்து இங்கேதான் எழுதிவைத்தார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். வாய்ப்பாட்டை மறந்து அடிபட்ட பிள்ளை அதனை உடனே விளங்கிக்கொள்ளும்.

பிள்ளைகள் விரும்பும் கதை வேறொன்றுண்டு. ஓர் அரக்கன் இம்மூன்று பாறைகளையும் அடுப்புக்கல்லாகக் கூட்டிச் சமைத்தானாம். அதனாற் சாம்பல் எனப் பொருள்படும் "அலு" என்னும் சிங்களச் சொல் பெயரில் அமைந்ததாம். ஒளி எனப் பொருள்படும் "ஆலோக" என்பதே சிதைந்து "அலு" ஆயிற்று என்பாரும் உளர். சாம்பலோ ஒளியோ, இரண்டும் நெருப்பிற் பிறந்தவையே. பாறையடியில் பிள்ளையை நிறுத்தி, "அந்த அரக்கனின் பானை எவ்வளவு பெரிதாயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கைகளை அகல விரித்துக் காட்டும். போதாதென்று ஓடிப்போய் மறுபாறையைத் தொட்டுக் காட்டும். கணிதத்தின் அளவைப் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அச்சாலையைப் பற்றியும் ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த நம் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மடிந்தோர் பலர். கைக்குழந்தையை இடுப்பிற் சுமந்து வந்த தாய்மாரும் அவருள் இருந்தனர். இன்று பேருந்தில் அமர்ந்து செல்லும் பிள்ளைக்கு, "உன் பாட்டனின் பாட்டன் நடந்த வழி இது" என்று சொல்லிவைத்தல் நம் கடன். வேற்றார் வீட்டுக்கு விருந்து செல்வதுபோலன்றித் தன் ஊரைக் காணச் செல்லும் உணர்வு அப்போதுதான் அதற்கு உண்டாகும்.

இலை வேறு, ஓலை வேறு

விசயதசமியன்று நம் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகிறோம். தட்டிற் பரப்பிய அரிசியில் "அ" என எழுதுவிக்கிறோம். ஏடு என்னுஞ் சொல் மட்டும் நாவில் நிற்கிறது. ஏடு என்னும் பொருளைப் பிள்ளை கண்டதில்லை. முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் "ஏடு எங்கே?" என்று யான் கேட்டபோதெல்லாம் மாணவர் அப்பியாசப் புத்தகத்தையே உயர்த்திக் காட்டினர். அதிற் பிழையில்லை, ஆயினும் சொல்லின் வேர் அவர்க்கு எட்டவில்லை.

தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கும். புறத்தே வயிரம் உடையவை புல். அகத்தே வயிரம் உடையவை மரம். இதன்படி தென்னையும் பனையும் கமுகும் மூங்கிலும் மரமல்ல, புல்லேயாம். புல்லின் உறுப்புக்குத் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், ஈர்க்கு முதலிய பெயர்களையும், மரத்தின் உறுப்புக்கு இலை, தளிர், முறி முதலிய பெயர்களையும் அந்நூல் வரையறுக்கிறது. இக்காலத் தாவரவியலாரும் தென்னை பனை முதலியவற்றைப் புல்லினத்தோடு சேர்த்து ஒருவித்திலைப் பகுப்பில் வைப்பர்; அவற்றின் தண்டில் வலிய நார்க்கற்றைகள் புறவோரத்தில் நெருங்கி நிற்றலே அப்புற வயிரத்துக்குக் காரணம்.

இதனைப் பாடமாக ஓதவேண்டா, விளையாட்டாக்குக. அலுவிகாரையின் சுற்றுப்புறத்திலே பலாவும் மாவும் தென்னையும் கமுகும் கித்துளும் அருகருகே நிற்கின்றன. "இது இலையா, ஓலையா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பது முதலாட்டம். தறித்துக் கிடக்கும் அடிமரத்தைத் தட்டியும் தடவியும் வயிரம் உள்ளேயா வெளியேயா எனக் காண்பது இரண்டாமாட்டம். சென்ற ஆண்டு ஐப்பசியில் என் மாணவர் சிலரும் அவர்தம் பெற்றோரும் தம்பி தங்கையரும் என்னுடன் வந்திருந்தனர். வழியோரத்தில் வெட்டுண்ட தென்னங்குற்றியொன்றைக் கண்டதும், ஆறு வயதுச் சிறுமியொருத்தி விரலால் அழுத்திப் பார்த்து, "சேர், இது உள்ளுக்குள்ள பஞ்சு மாதிரி இருக்கே!" என்றாள். அடுத்து நின்ற பலாக்குற்றியை அழுத்தினாள், விரல் நொந்தது. இருபது சூத்திரம் ஓதியும் விளங்காத வேறுபாடு ஒரு விரல்நோவிலே விளங்கிற்று. உடன் வந்த தாயார், "இவ்வளவு நாளும் எனக்கே தெரியாது, சேர்" என்று நகைத்தார்.

இன்னொன்றும் நோக்குக. ஓலையும் ஏடும் மடலும் இதழும் இன்று எங்கே வாழ்கின்றன? நாளேடு என்கிறோம், வாரவிதழ் என்கிறோம், கடிதத்தை மடல் என்கிறோம், நெற்பயிரின் அடியாகிய தாள் கடதாசிக்குப் பெயராயிற்று. நம் கல்வியின் சொற்கள் அனைத்தும் தோட்டத்திற் பறித்தவை. தோட்டத்தைக் காணாத பிள்ளைக்கு அவை காய்ந்த சருகு. கண்ட பிள்ளைக்கோ பச்சை.

கீறிப் பார்த்தல்

அலுவிகாரையில் இன்றும் ஓலையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுவோர் உளர். அவர் கைக்கொள்வது தாளிப்பனையின் ஓலை. பல்லாண்டு வளர்ந்து, வாழ்நாளில் ஒருமுறையே பூத்துக் காய்த்து, அத்தோடு மடிந்துவிடும் இயல்புடையது அப்பனை. விரியாத குருத்தோலையை எடுத்து, ஈர்க்கு நீக்கி, நீரில் அவித்து, உலர்த்தி, கமுகந்தண்டின்மேல் முன்னும் பின்னும் இழுத்து மெருகிடுவர். எழுத்தாணி கீறிய வரிகள் முதலிற் கண்ணுக்கு நன்கு தோன்றா. கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்தவுடன் எழுத்துக் கருமையாய் எழுந்து நிற்கும். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்! மாயவித்தைக்காரரின் மேடை முன்னும் அத்தகைய வியப்பை யான் கண்டதில்லை.

கூர் எழுத்தாணியைச் சிறார் கையிற் கொடுத்தல் ஆகாது. வீட்டுக்கு வந்தபின் ஒரு பச்சைத் தென்னோலைத் துண்டையும் ஈர்க்குத் துண்டொன்றையும் கொடுங்கள். நரம்பு ஓடும் திசையிலே நேர்கோடு கீறச் சொன்னால் ஓலை கிழியும். வட்டமாகச் சுழித்தால் கிழியாது நிற்கும். சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் வளைந்து வளைந்து வந்தமைக்கு இதனையொரு காரணமாகக் கூறுவர். ஓலையிற் புள்ளி குத்தினால் துளை விழும் என்று நம் சுவடியெழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டமையும், அதனாற் படிப்போர் இடர்ப்பட்டமையும் மூத்த மாணவர்க்குச் சொல்லத்தக்கவை.

குகைகளுள் ஒன்றில் புத்தகோசரின் உருவத்தைக் காணலாம். ஐந்தாம் நூற்றாண்டில் இந்தியாவினின்று இலங்கைக்கு வந்து, சிங்கள உரைகளைப் பாளிமொழியிற் பெயர்த்த பேரறிஞர் அவர். காஞ்சிபுரத்தில் தாம் வாழ்ந்திருந்த காலத்தைத் தம் உரையொன்றில் அவரே குறித்துள்ளார். நம் காஞ்சிக்கும் இக்குகைக்கும் இடையே கடலைக் கடந்த ஓர் ஏட்டுறவு இருந்ததென்பது எண்ணி மகிழத்தக்கது.

மகிழ்ச்சியோடு துயரும் உண்டு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, நூற்றாண்டுகளாகச் சேர்த்த இவ்விகாரையின் சுவடிகள் அழிந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. முன்னது சிங்களவர் இழப்பு, பின்னது தமிழர் இழப்பு என்று பிரித்தெழுதலாம். ஏட்டைத் தொட்டுப் பழகிய பிள்ளை அவ்வாறு பிரிக்காது. தான் வியந்து பார்த்த ஓலை தீயிற் போயிற்றென்றால் எம்மொழி ஓலையாயினும் அதற்கு நோகும். அந்த நோவைப் பெறும் உள்ளமே நாளை நூலகத்தைக் காக்கும் உள்ளம். சிறுபிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்க என யான் வற்புறுத்துதற்கு முதற்காரணம் இதுவே.

மூக்கும் செவியும்

ஏட்டை மட்டுங் காட்டித் திரும்புதல் சிறுவர்க்குச் சலிப்பூட்டும். மாத்தளைச் சாலையின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உள. மிளகுக்கொடி, கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், கொக்கோ, வனிலா என்பவற்றை நிலத்தில் நின்றவாறே காணலாம். பிள்ளையின் கண்ணைக் கைக்குட்டையாற் கட்டி, ஒவ்வொன்றாய் முகரச் செய்து பெயர் சொல்லவைப்பது இனிய ஆட்டம். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியை நன்கறிந்த பிள்ளை வெல்லும். சாதிக்காயைப் பொதிந்த செந்நிற வலையே வசுவாசி என்பதைப் பெரியோருள்ளும் பலர் அங்கேதான் அறிகின்றனர். தோட்டத்துக் கடையிற் பொருள் வாங்கியே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. வாங்குவோர் முதலில் விலையைக் கேட்டறிக.

விடியலிலும் அந்தியிலும் செவியைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆறுமணிக் குருவி எனும் வண்ணப் பறவை இந்தியாவினின்று இலங்கைக்கு வந்திறங்கும் பருவம் இதுவே. சித்திரை வரை இங்கே தங்கிப் பின் மீளும். புதர்களின் அடியிலே மறைந்து சருகைக் கிளறித் திரிவதால் அதன் உருவத்தைக் காண்டல் அரிது. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கை எளிதிற் கேட்கும். வந்தோரில் யார் முதலிற் கேட்டார் என்று போட்டி வைக்கலாம். அப்போட்டியில் வெல்ல ஒரேயொரு வழிதான் உண்டு, பேசாதிருத்தல். பெற்றோர்க்கு இதனால் விளையும் நன்மையை யான் விரிக்கவேண்டியதில்லை.

தென்னோலையிலே காற்றாடியும் ஊதலும் பாம்பும் கிளியும் முடையக் கற்பிக்கும் வாய்ப்பைத் தாத்தா பாட்டிக்கு அளியுங்கள். அவர்தம் விரல்களிலே ஒரு சுவடிசாலை இருக்கிறது. கேட்பாரின்றி அதுவும் அழியக்கூடும்.

காவல் வேண்டும்

கூதிர் அழகியது, கொடியதும் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் அதனோடு நிகழ்ந்த மண்சரிவுகளும் மலைநாட்டுக்கு இழைத்த பேரழிவை நாம் மறத்தற்கில்லை. ஆதலின் புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்டறிக. எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை. ஐப்பசி கார்த்திகையில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலேயே திரளும். காலை ஏழுக்குச் சென்று நண்பகலுக்கு முன் திரும்புதல் நன்று.

விகாரையின் படிகளும் பாறைகளும் நனைந்தால் வழுக்கும். செருப்பின்றி ஏறுங்கால் சிறுவரின் கையை விடற்க. உடை அடக்கமாயிருத்தலும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடாமையும் அவ்விடத்து மரியாதை. நரகத் தண்டனைகளைச் சித்திரித்துக் காட்டும் குகையொன்று அங்குளது. இளங்குழந்தைகளை அதனுள் அழைத்துச் செல்லாமை நலம். தேங்கிய சேற்றுநீரில் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கக்கூடும். காலிற் புண்ணுள்ள பிள்ளையை அதில் இறங்கவிடாதீர். புல்லில் அட்டையும் நிழலில் நுளம்பும் உள. குன்றிமணியைப் பொறுக்கினால் வாயில் இடாது காக்க. அதன் பருப்பு நஞ்சு. காந்தளும் இப்பருவத்தே மலரும். நெருப்பை ஒத்த அதன் அழகைக் கண்ணாற் காண்க, கையாற் பறியற்க. அதன் கிழங்கு முதலாய எல்லா உறுப்பும் நஞ்சுடையன. எச்சரிக்கையும் கல்வியே. அஞ்சி விலகாமலும் அறியாது தொடாமலும் நடக்கப் பழகுதல் ஏட்டிற் கிடைப்பதன்று.

விளக்கீடு வரையில்

இப்பருவம் விசயதசமியின் எழுத்தில் தொடங்கித் திருக்கார்த்திகையின் விளக்கில் நிறைவுறுகிறது. இடையே, மழைக்கால விரதம் முடித்த பிக்குகளுக்குச் சீவரம் வழங்கும் கட்டின விழா சிங்கள மக்களிடையே நிகழ்கிறது. கார்த்திகை மாலையில் நம் கோயில்களிற் சொக்கப்பனை எரிகையில், அது ஓலையின் ஒளி என்று பிள்ளைக்கு நினைவூட்டலாம். நாம் முன்னே கண்ட சாம்பலும் ஒளியும் அங்கே ஒருங்கே தோன்றும். புலம்பெயர்ந்து செருமானியில் வாழும் நம் உறவினர் மக்கள் காகித விளக்கேந்தும் அதே பருவத்தில், இங்குள்ள பிள்ளை அகல்விளக்கேந்தி முற்றத்தில் நிற்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பருவங்களைப் பற்றிய பாடம் வரும்போது, புத்தகத்து இலையுதிர் காலத்தை நீக்கவேண்டா. அதனருகே கூதிரையும் எழுதுங்கள். கரும்பலகையில் எழுதியதோடு அமையாது, ஓர் ஓலைத்துண்டை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். நான்கு மொழியின் சொற்கோவை செய்யாத பணியை அத்துண்டு செய்யும்.

பெற்றோரே, நீங்கள் பெருந்திட்டம் வகுக்கவேண்டியதில்லை. வருஞ் சனிக்கிழமை விடியலில் வானம் வெளித்திருந்தால் பிள்ளைகளை எழுப்புங்கள். கட்டுச்சோற்றோடு சிறிது கித்துட் கருப்பட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும், கூதிர்க் காலமாதலின், ஒரு குடையும் எடுத்துச் செல்லுங்கள்.